குளிர்காலப் பயணம்: நீலமலையிலிருந்து கோழிக்கோட்டுக்கு

அல்குர்ஆனின் 106ஆம் அத்தியாயமாகிய 'குறைஷ்' நான்கே வசனங்களைக் கொண்டது. மக்காவின் வணிகக் குலத்தார் ஆண்டுதோறும் மேற்கொண்ட இரு பயணங்களை அச்சிறு அத்தியாயம் நினைவூட்டுகின்றது. ஒன்று குளிர்காலப் பயணம். மற்றொன்று கோடைகாலப் பயணம். குளிர்காலத்தில் வெம்மை மிக்க தென்திசை யமனுக்கும், கோடையில் குளுமை மிக்க வடதிசை ஷாமுக்கும் அவர்கள் சென்று வந்தனர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். இப்பயணங்களை முறைப்படுத்தியவர் பெருமானார் (ஸல்) அவர்களுடைய பாட்டனாரின் தந்தையாகிய ஹாஷிம் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. பருவம் அறிந்து, வழி அறிந்து, வழியிலுள்ளோரின் நட்பும் பாதுகாப்பும் பெற்றுச் செய்யப்பட்ட பயணங்கள் அவை. அவற்றின் பயனாக இரு அருட்கொடைகளை அவ்வத்தியாயம் சுட்டுகின்றது: பசிக்கு உணவு, அச்சத்திலிருந்து அபயம். அவ்விரண்டுக்கும் நன்றியாக அந்த ஆலயத்தின் இறைவனை வணங்குமாறு பணிக்கின்றது.

குளிர்காலத்தில் வெம்மையை நாடிச் செல்வது இன்றும் மனித இயல்பே. மார்கழியிலும் தையிலும் உதகையின் புல்வெளிகள் விடியற்காலையில் உறைபனி போர்த்துக் கிடக்கும்பொழுது, மலைவாழ் குடும்பங்கள் பள்ளி விடுமுறையைக் கருதிக் கடற்கரையை நாடுகின்றன. அவ்வாறு செல்வோருக்கு மிக அண்மையிலுள்ள பெரிய கடற்கரை நகரம் கோழிக்கோடு. இருப்பினும் பலர் கடற்கரையையும் கடைத்தெருவையும் கண்டு, பிரியாணி உண்டு, அல்வா வாங்கித் திரும்பிவிடுகின்றனர். அந்நகரம் ஒரு காலத்தில் இந்தக் குளிர்காலப் பயணங்களாலேயே உருவானது என்பதும், குறைஷ் அத்தியாயம் கூறும் உணவும் அபயமும் ஒரு துறைமுகத்தில் எவ்வாறு கைகூடின என்பதற்கு அது சான்றாக நிற்கின்றது என்பதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பருவத்தையும் வழியையும் தொழுகையையும் வரலாற்றையும் ஒருசேரக் கருதிப் பயணத்தைத் திட்டமிடுவோர் அதனைக் காண முடியும். அதற்கு வேண்டிய செய்திகளைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் கடலும்

உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர். ஆயிரம் மீட்டர் உயரத்திற்குச் சராசரியாக ஆறரை பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது வானிலையியல் கணக்கு. எனவே ஒரே நிலநேர்க்கோட்டின் அருகே இருந்தும், உதகைக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையே பதினான்கு, பதினைந்து பாகை வேறுபாடு இயல்பாகவே அமைகின்றது. ஜனவரியில் உதகையின் இரவு உறைநிலையை நெருங்குகையில், கோழிக்கோட்டின் பகல் முப்பது பாகையைத் தாண்டுகின்றது. ஒரு பகற்பொழுதுக்குள் இருவேறு பருவங்களைக் கடக்கும் பயணம் இது. முதியோரும் குழந்தைகளும் கம்பளி உடையைப் படிப்படியாகக் களையவும், இறக்கத்தில் உண்டாகும் காதடைப்பைத் தாங்கவும், கடற்கரையின் புழுக்கத்தில் மிகுதியாக நீர் அருந்தவும் ஏற்பாடு வேண்டும்.

நீலகிரிக்கும் மலபாருக்கும் உள்ள உறவு இன்றைய மாநில எல்லையைவிடப் பழமையானது. 1603ஆம் ஆண்டு இம்மலைக்கு ஏறிவந்து குறிப்பெழுதிய முதல் ஐரோப்பியரான பாதிரியார் ஃபெனிசியோ, மேற்கே மலபார்க் கடற்கரையிலிருந்தே வந்தார். இன்றைய கூடலூர், பந்தலூர் வட்டங்கள் அடங்கிய தென்கிழக்கு வயநாடு, கோழிக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1877இல்தான் அது நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. அப்பகுதியில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் கணிசமாக வாழ்வதற்கு இந்தப் பழந்தொடர்பே காரணம்.

நீரின் வழியும் அதுவே. கூடலூர்ப் பகுதியில் பெய்யும் மழை பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றை அடைந்து, நிலம்பூரைக் கடந்து, பேப்பூரில் அரபிக்கடலில் கலக்கின்றது. மலையிலிருந்து கோழிக்கோட்டுக்கு இறங்கும் பயணி அந்த நீரைப் பின்தொடர்ந்தே செல்கின்றார் எனலாம்.

எப்பொழுது செல்வது?

மலபார்க் கடற்கரையின் நாள்காட்டியை வகுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்து துறைமுகங்களை மூடிவிடும். அதன் கடுமை தணியும் தறுவாயில் அரபு நாட்டு மரக்கலங்கள் அக்காற்றின் துணையோடு வந்து சேரும். பின்னர் வடகிழக்குக் காற்று நிலைபெற்றதும், மிளகும் இஞ்சியும் ஏலமும் ஏற்றிக்கொண்டு ஏடனுக்கும் செங்கடலுக்கும் அவை திரும்பும். ஆகவே கோழிக்கோட்டின் பெருஞ்சந்தைக் காலம் குளிர்காலமே. வாங்குவோரும் விற்போரும், அறிஞரும் ஹஜ் பயணிகளும் அந்நகரில் ஒருங்கே திரண்டிருந்த பருவம் அது.

பருவம் அறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். 1498ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து புறப்பட்ட வாஸ்கோடகாமா, அவ்வழி அறிந்த மாலுமி ஒருவரின் துணையால் 23 நாட்களில் மலபாரைக் கண்டார். திரும்பும்பொழுதோ, உள்ளூர் வழக்கப்படி வடகிழக்குக் காற்றுக்குக் காத்திராமல் ஆகஸ்டு இறுதியிலேயே கோழிக்கோட்டை விட்டார். அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சதீவிலிருந்து கடலைக் கடக்கத் தொடங்கியவர் 1499 ஜனவரியில்தான் ஆப்பிரிக்கக் கரையைக் கண்டார். 23 நாள் வழிக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. மாலுமிகள் பலர் நோயுற்று மாண்டனர். அரபு மாலுமிகள் பல தலைமுறைகளாகக் கற்றிருந்த காத்திருத்தல் என்னும் கலையை அவர் பொருட்படுத்தவில்லை.

இன்று நாம் கப்பலுக்குக் காத்திருப்பதில்லை; ஆயினும் காற்றின் ஆட்சி நம் சாலைகளின் மீதும் நீடிக்கின்றது. தென்மேற்குப் பருவமழை மலைகளின் மேற்குச் சரிவைத் தாக்குகின்றது. 2019 ஆகஸ்டில் நிலம்பூரை அடுத்த கவளப்பாறையில் மலை சரிந்தது. நாடுகாணி மலைப்பாதையும் அப்பொழுது சேதமுற்றது. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவு நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. உடல்கள் சாலியாற்றின் வழியே நிலம்பூர் வரை அடித்து வரப்பட்டன. வடகிழக்குப் பருவமழையோ நீலகிரியின் கிழக்குச் சரிவைத் தாக்குகின்றது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரங்களில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் இன்னும் நினைவில் உள்ளன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் – குன்னூர் இரயில் பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து வண்டிகள் நிறுத்தப்படுவது அடிக்கடி நிகழ்வது.

இரு பருவமழைகளுக்கு நடுவே நிற்கும் மலை இது. இரு சரிவுகளும் ஒருசேர வறண்டு, வானம் தெளிந்து, கடலும் அமைதியாக இருப்பது ஜனவரியிலும் பிப்ரவரியின் முற்பகுதியிலுமே. டிசம்பர் விடுமுறையில்தான் செல்ல முடியும் என்போர் மேற்குச் சரிவின் வழியைத் தேர்ந்துகொள்வது நலம்.

சூரிய நாள்காட்டியோடு ஹிஜ்ரி நாள்காட்டியையும் நோக்க வேண்டும். ரமலான் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்கின்றது. 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலும், 2028இல் ஜனவரி இறுதியிலும் அதன் தொடக்கம் அமைகின்றது. 2030ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமலானும், டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமலானும் பிறை காண்பதற்கேற்பத் தொடங்கும். எனவே இக்காலப் பகுதியில் குளிர்காலப் பயணம் திட்டமிடுவோர் பிறைக் கணக்கைப் பாராமல் இருக்கைப் பதிவு செய்யலாகாது. பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகை உண்டு. ஆயினும் குடும்பத்தோடு ஊர் காணச் செல்வோர் ரமலானுக்கு முன்னரோ பின்னரோ நாளைக் குறித்துக்கொள்வது மனநிறைவு தரும்.

எவ்வழி செல்வது?

முதல் வழி, உதகையிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர். அங்கிருந்து நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர், எடவண்ணை, அரீக்கோடு வழியாகக் கோழிக்கோடு. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். குன்னூரிலிருந்து வருவோர் மேலும் 20 கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் சாலையில் பனியும் மூடுபனியும் இருக்குமாதலால் சூரியன் ஏறிய பிறகு புறப்படுவது நன்று. இறக்கம் நெடுகிலும் வண்டியைத் தாழ்ந்த கியரில் செலுத்தினால் பிரேக் சூடேறிச் செயலிழக்கும் ஆபத்து குறையும்.

இரண்டாம் வழி, கூடலூரிலிருந்து பந்தலூர், சேரம்பாடி வழியாக வயநாட்டினுள் நுழைந்து, கல்பற்றாவைக் கடந்து, ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளுடைய தாமரச்சேரிச் சுரத்தின் வழியாக இறங்குவது. காட்சிகள் மிக்க வழி இது. ஆனால் விடுமுறை நாட்களில் அச்சுரத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் தேங்கி நிற்பதுண்டு.

மூன்றாம் வழி, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் சென்று, பாலக்காட்டுக் கணவாய், ஷொர்ணூர் வழியாக இரயிலில் கோழிக்கோட்டை அடைவது. வளைவுகளில் குமட்டலுறுவோர்க்கும் முதியோர்க்கும் ஏற்றது. 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் வந்த மலை இரயிலில் இறங்க விரும்புவோர், டிசம்பர், ஜனவரிக்கு வெகு முன்னரே பதிவு செய்ய வேண்டும்.

திரும்பும் வேளைக்கு ஒரு குறிப்பு. நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச் சீட்டு முறை 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட வாடகை வண்டியில் திரும்புவோர் அவ்வப்போதைய விதியை முன்னரே அறிந்துகொள்க.

நாடுகாணி வழியில் செல்வோர் நிலம்பூரில் ஒருமணி நேரமேனும் தங்குவது நன்று. மலபார் ஆட்சியராயிருந்த கானலி 1840களில் தொடங்கிய தேக்குத் தோட்டம் அங்குள்ளது. தேக்கு அருங்காட்சியகமும் உண்டு. நிலம்பூர்க் காடுகளின் மரம் சாலியாற்றில் மிதந்து இறங்கி, கோழிக்கோட்டின் கல்லாயி மரச்சந்தைக்கும் பேப்பூர்க் கப்பல் தளங்களுக்கும் சென்றது. கோழிக்கோட்டில் நாம் காணப்போகும் மரக்கலங்களையும் மரத்தாலாகிய பள்ளிவாசல்களையும் விளங்கிக்கொள்ள இந்தக் காடே முதற்பாடம்.

பயணியின் தொழுகை

நீலகிரியில் ஹனஃபி மத்ஹபினரும் ஷாஃபிஈ மத்ஹபினரும் கலந்து வாழ்கின்றனர். கோழிக்கோட்டின் பழம்பள்ளிகள் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவை. ஆதலின் இரு மத்ஹபுகளின் பயணச் சட்டங்களையும் சுருக்கமாக அறிந்திருப்பது பயன் தரும்.

பயணத் தொலைவை இன்றைய அளவில் ஏறத்தாழ 77 முதல் 90 கிலோமீட்டர் வரை எனப் பல அறிஞர்கள் கணிக்கின்றனர்; அதனினும் கூட்டிக் கூறுவோரும் உளர். உதகை – கோழிக்கோடு வழி இக்கணிப்புகளைக் கடந்ததே. கூடலூர், பந்தலூரிலிருந்து செல்வோர்க்குத் தொலைவு குறையுமாதலால் அவர்கள் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நன்று. ஊரெல்லையைத் தாண்டிய பின் லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகச் சுருங்கும். ஃபஜ்ரும் மஃரிபும் மாறா. சுருக்கித் தொழுவது ஹனஃபியரிடம் கட்டாயம், ஷாஃபிஈயரிடம் சலுகை. லுஹரை அஸரோடும் மஃரிபை இஷாவோடும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபு இடந்தருகின்றது. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின் இரு இடங்கள் தவிர அதற்கு இடமில்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும் பயணி, எம்மத்ஹபினராயினும், முழுமையாகவே தொழ வேண்டும்.

தங்கும் நாட்களின் கணக்கும் வேறுபடும். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈ மத்ஹபில் அவர் ஊரினர் ஆகிவிடுவார். ஹனஃபி மத்ஹபில் அவ்வெல்லை பதினைந்து நாள். மூன்று நான்கு நாள் பயணம் இரண்டிலும் பயணமே.

வெள்ளிக்கிழமையைக் கருத்திற்கொண்டு நாளைக் குறிக்க வேண்டும். வெள்ளி வைகறைக்குப் பின் ஜும்ஆவைத் தவறவிடும்படி ஊரை விட்டுப் புறப்படுவதை ஷாஃபிஈ மத்ஹபு தடுக்கின்றது. வியாழனன்று புறப்பட்டு, வெள்ளியன்று கோழிக்கோட்டின் பழம்பள்ளி ஒன்றில் ஜும்ஆ தொழுவதே சிறந்த ஏற்பாடு.

தொழுகை நேர அட்டவணையில் ஒரு நுட்பமுண்டு. கோழிக்கோடு உதகைக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. ஆகவே கோழிக்கோட்டில் சூரியன் ஏறத்தாழ நான்கு நிமிடம் தாமதித்தே மறையும். உதகையின் அட்டவணையைக் கொண்டு அங்கு மஃரிபு தொழுதால், நேரம் நுழையுமுன்னரே தொழுததாகிவிடும். நோன்பு நாளாயின் முன்கூட்டியே நோன்பு துறந்ததாகிவிடும். பாங்கைக் கேட்டோ, கோழிக்கோட்டு அட்டவணையைப் பார்த்தோ செயற்படுக. அங்கு அஸர் பாங்கு ஷாஃபிஈ கணக்கில் முன்னதாகவே ஒலிக்கும் என்பதையும் ஹனஃபி அன்பர்கள் நினைவிற் கொள்க. பெண்கள் தொழும் இடம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. குடும்பத்தோடு செல்வோர் தங்குமிடத்தாரிடம் முன்னரே கேட்டறிதல் நலம்.

இச்சட்டங்களைத் தமிழகத்து அரபுக் கல்லூரி மாணவர்கள் கற்கும் நூல்களில் ஒன்று 'ஃபத்ஹுல் முஈன்'. அதனை யாத்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் இதே கடற்கரையின் பொன்னானியைச் சேர்ந்தவர்கள். அவர்தம் முன்னோர் தமிழ்க் கடற்கரையிலிருந்து சென்றோர் என்பதை அக்குடும்பத்தின் 'மஅபரி' என்னும் பெயர் உணர்த்துகின்றது. மஅபர் என்பது சோழமண்டலக் கரைக்கு அரபியர் இட்ட பெயர்.

மூன்று நாள் திட்டம்

வெள்ளிக்கிழமையைக் குற்றிச்சிராவுக்கு ஒதுக்குக. பெருங்குளம் ஒன்றைச் சுற்றி அமைந்த பழைய முஸ்லிம் குடியிருப்பு அது. அங்குள்ள பள்ளிகளுக்குக் கும்பமோ மினாராவோ இல்லை. ஓட்டுக்கூரையும் மரத்தூண்களும் செதுக்கிய உத்தரங்களுமாக அவை கேரளத்து மரபில் எழுந்தவை. கட்டியவர் தொழுகைக்குரிய திசையை அரபகத்திலிருந்தும், கட்டடக் கலையை உள்ளூர்த் தச்சரிடமிருந்தும் பெற்றனர்.

முச்சுந்திப் பள்ளியில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஒரு பகுதி அரபியிலும் மற்றொரு பகுதி வட்டெழுத்தில் பழைய மலையாளத்திலும் அமைந்தது. விடுதலை பெற்ற அடிமை ஒருவர் தம் சொந்தப் பொருளால் நிலம் வாங்கிப் பள்ளியும் கிணறும் அமைத்ததை அரபிப் பகுதி கூறுகின்றது. அப்பள்ளிக்கு அரசர் வழங்கிய கொடையை மற்றொரு பகுதி கூறுகின்றது. அடிமையாயிருந்தவரின் அறமும், இந்து அரசரின் கொடையும் ஒரே கல்லில் பதிந்திருப்பது சிந்தித்தற்குரியது.

மிஷ்கால் பள்ளி அடுக்கடுக்காக உயர்ந்த மரக் கட்டடம். மிஷ்கால் என்னும் பெருஞ்செல்வரான கப்பலுடையவரை இப்னு பதூதா தம் பயண நூலில் குறிப்பிடுகின்றார். அவரே இப்பள்ளியைக் கட்டினார் என்பது ஊரார் கொண்ட வரலாறு. 1510 ஜனவரி 3ஆம் நாள், அல்புகர்க்கும் கூட்டின்ஹோவும் தலைமை தாங்கிய போர்த்துக்கீசியப் படை கோழிக்கோட்டைத் தாக்கி இப்பள்ளிக்கும் தீயிட்டது. சாமூதிரியின் வீரர்கள் திருப்பித் தாக்கியதில் கூட்டின்ஹோ மாண்டார், அல்புகர்க் காயமுற்றார். மேல்தளத்து மரங்களில் அன்றைய தீயின் தடம் இன்றும் காட்டப்படுகின்றது. இது வழிபாட்டிடம், காட்சிக்கூடம் அன்று. தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி பெற்று, மேல்தளம் செல்லக் கூடுமா என்று பணிவோடு கேட்டு, படம் எடுப்பதற்கும் இசைவு பெறுக.

சனிக்கிழமை பேப்பூருக்கும், ஆற்றின் மறுகரையிலுள்ள சாலியத்துக்கும் உரியது. பேப்பூரில் 'உரு' எனப்படும் பெரிய மரக்கலங்கள் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கின்படிக் கட்டப்பட்டு வருகின்றன. தொழில் சுருங்கினும் அறவே நின்றுவிடவில்லை. தமிழ் வாசகர் நன்கறிந்த வைக்கம் முஹம்மது பஷீர் தம் பிற்காலத்தை இவ்வூரிலேயே கழித்து 1994இல் மறைந்தார். சாலியத்தில் 1531இல் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டினர். 1571இல் சாமூதிரியின் படை முற்றுகையிட்டு அதனைத் தகர்த்தது. அங்கிருந்து கொணர்ந்த கல்லும் மரமும் மிஷ்கால் பள்ளியைச் செப்பனிடப் பயன்பட்டன என்பர். அவ்வெற்றியைக் கோழிக்கோட்டுக் காஜி முஹம்மது (ரஹ்) 'ஃபத்ஹுல் முபீன்' என்னும் அரபிக் காவியமாகப் பாடி, சாமூதிரியைப் புகழ்ந்தார். 1607இல் அரபு மலையாளத்தில் 'முஹ்யித்தீன் மாலை'யை இயற்றியவரும் அவரே. அரபுத் தமிழ் இலக்கியத்தின் உடன்பிறப்பு எனத்தக்க மொழிமரபு அது.

ஞாயிறு திரும்பும் நாள். காலையில் வடக்கே காப்பாட்டுக் கடற்கரையைக் காணலாம்; காமா கரை சேர்ந்ததற்கான நினைவுக் கல் அங்குண்டு. நேரம் இருப்போர் வடகரையை அடுத்த இரிங்கலில் குஞ்ஞாலி மரைக்காயர் நினைவில்லத்தைக் காணலாம். போர்த்துக்கீசியரை எதிர்த்துக் கடலில் போரிட்ட அத்தளபதிகளின் பட்டப்பெயர், நம் கீழைக்கடற்கரை மரைக்காயரின் பெயரே என்பது நினைக்கத்தக்கது. நால்வருள் இறுதியானவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

உணவும் அபயமும்

கோழிக்கோட்டுக்கு நல்ல இயற்கைத் துறைமுகம் இல்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டுப் படகில் சரக்கை இறக்க வேண்டிய இடம் அது. அவ்வாறிருந்தும் ஏடனும் ஹோர்முஸும் சீனமும் அதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் என்ன? 1442ஆம் ஆண்டின் இறுதியில் தைமூரிய அரசர் ஷாருக்கின் தூதராக அங்கு வந்து குளிர்காலத்தைக் கழித்த அப்துர் ரஸாக் விடை தருகின்றார். வணிகர் தம் சரக்கைக் கரையில் இறக்கி, கணக்குப் பாராமல் விட்டுச் செல்வர். அரசு அலுவலர் அதனைக் காத்து நிற்பர். விற்றால் சிறிது வரி, விற்காவிடில் ஒன்றுமில்லை. பிற துறைகளில் வழிதவறி வந்த கப்பலைப் பறித்துக்கொள்ளும் வழக்கம் இருக்க, இங்கு அது இல்லை என்றும் அவர் எழுதினார். அவருக்கு அவ்வூர் உவப்பாக இருக்கவில்லை; ஆதலின் அவர் புகழுரை ஐயத்துக்கு இடமற்றது. சீனக் கப்பற்படையோடு வந்த முஸ்லிம் மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், அந்நகரில் இருபது முப்பது பள்ளிகள் இருந்ததாகக் குறித்தார். அபயம் இருந்தது, ஆகவே உணவும் செல்வமும் பெருகின, பள்ளிகள் எழுந்தன.

அந்த அபயம் எப்பொழுதும் உறுதியானதன்று என்பதையும் வரலாறு காட்டுகின்றது. முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் செல்ல 1342இல் தில்லியை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, கோழிக்கோட்டில் காற்றுக்காக மூன்று மாதம் காத்திருந்தார். பதின்மூன்று சீனக் கப்பல்கள் அங்கு நின்றன. ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கிய நாளில் எழுந்த புயல், சுல்தானின் பரிசுகளைச் சுமந்த கப்பலைச் சிதைத்தது. அவருடைய உடைமைகளை ஏற்றிய மற்றொரு கப்பல் அவரை விட்டுச் சென்றது. கையில் எஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும். திட்டமிடுதல் மனிதர் கடமை. முடிவு இறைவன் கையில் என்பதற்கு அக்கரையே சான்று.

இன்று அப்பள்ளிகளுக்கு வேறுவகை ஆபத்து நேர்ந்துள்ளது. வளைகுடாச் செல்வம் பெருகிய காலத்தில், மலபாரின் பழைய மரப்பள்ளிகள் பல இடிக்கப்பட்டு, கும்பமும் மினாராவும் கொண்ட காரைக் கட்டடங்கள் எழுந்தன. தொழுவோர் பெருகியதால் இடம் தேவைப்பட்டது உண்மையே. ஆயினும் 1510இன் தீக்குத் தப்பியவை நம் கைகளால் அழிவது வருத்தத்திற்குரியது. தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலும் இதே நிலையைக் காண்கின்றோம். 2023 அக்டோபரில் யுனெஸ்கோ கோழிக்கோட்டை இலக்கிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அச்சிறப்பைப் பெற்ற முதல் நகரம் அது. ஏட்டுக்குக் கிடைத்த மதிப்பு உத்தரத்துக்கும் தூணுக்கும் கிடைக்க வேண்டுமாயின், அவற்றைக் காண வருவோர் அறிந்து காண்போராக இருத்தல் வேண்டும். ஒரு பள்ளியின் முதியவரிடம் அதன் தூண்களைப் பற்றி அக்கறையோடு கேட்கும் பயணி, அவை விலைமதிப்பற்றவை என்பதை அவ்வூர் இளைஞருக்கும் உணர்த்திவிடுகின்றார்.

மலைக்குத் திரும்பும்பொழுது அல்வாவோடு மற்றொன்றையும் கொண்டு வருதல் கூடும். நம் ஊர்ப் பள்ளிவாசலை யார் கட்டினார், நிலத்தை யார் அளித்தார், பழைய வக்ஃபு ஏடு எங்குள்ளது என்று கேட்கும் பழக்கமே அது. நீலகிரியின் பள்ளிகளும் தோட்டத் தொழிலாளரும் வணிகரும் தம் உழைப்பில் எழுப்பியவையே. அவற்றின் கதையை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். குளிர்காலப் பயணத்தை நினைவூட்டும் இறைவசனம் பயணத்தோடு நின்றுவிடாமல் நன்றியில் சென்று முடிகின்றது. உணவளித்து அபயமளித்த இறைவனுக்கு நன்றி செலுத்தும் வழிகளுள், அவன் பெயரால் முன்னோர் எழுப்பியவற்றைப் பேணிக் காப்பதும் ஒன்றாகும். வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும் பயனுள்ளவையாகவும் ஆக்கியருள்வானாக.